முனியாயி மிளகு

காலை பத்து மணிக்குள் அந்த வீடியோவை மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். யமுனா மட்டும் பதினோரு தடவை பார்த்தாள். எத்தனை தடவை பார்த்தாலும் அதில் நடப்பது மாறவில்லை. சென்னையில் யாரோ ஒரு பெண், கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, பாக்கெட்டிலிருந்து ஒரு பிடி மிளகை அள்ளிப் போடுகிறாள். பாதி அடியில் போய் உட்காருகிறது. பாதி மிதக்கிறது. மிதப்பதைக் கரண்டியால் அள்ளி, விரலால் நசுக்கி, "பப்பாளி விதைங்க இது" என்கிறாள். பிறகு பாக்கெட்டைக் காமிராவுக்கு நேராகத் திருப்புகிறாள். பாக்கெட்டின் மேல் முனியாயி சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

கீழே இரண்டாயிரம் பேர் வாய்க்கு வந்ததை எழுதியிருந்தார்கள். 'சிரிப்பைப் பாரு, திருட்டுச் சிரிப்பு' என்று ஒருவன். 'மலைக்காரங்கன்னு நம்பி வாங்கினோம்' என்று இன்னொருத்தி. இந்த நாட்டில் முகம் தெரியாதவரைத் திட்டுவதற்கு மட்டும் யாருக்கும் சோம்பலே கிடையாது. யமுனா ஒன்றுவிடாமல் படித்தாள். அந்தச் சிரிப்பைப் படம் பிடித்தவள் அவள்தான்.

மேல்நாடு உழவர் நிறுவனம் என்பது மலையில் எழுநூறு குடும்பங்கள் பங்கு போட்டு நடத்துவது. மிளகும் சாமையும் வாங்கி, பாக்கெட் போட்டு, ஊர் ஊருக்கு அனுப்புகிறார்கள். செம்மேட்டில் இரண்டு அறையும் ஒரு கிடங்குமாக அலுவலகம். அடிவாரத்துப் பெண்ணான யமுனா இரண்டு வருஷத்துக்கு முன் இங்கே சமூக ஊடகப் பொறுப்பாளராக வந்து சேர்ந்தாள். அவளோடு கூடவே ஒரு திட்டமும் வந்து சேர்ந்தது. சென்னை ஆலோசகர் மணிவண்ணன் எழுதிக் கொடுத்த இருபத்திரண்டு பக்கத் திட்டம். திங்கட்கிழமை வயல், புதன்கிழமை சமையல், வெள்ளிக்கிழமை விவசாயி என்று எந்த நாளில் எதைப் போட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. அதன் அட்டவணை கலர் கலராகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது.

திட்டத்தில் இல்லாத ஒரு விதியும் உண்டு. அது தலைவர் அர்த்தனாரி போட்டது. சேர்ந்த புதிதில் யமுனா, அன்னாசி சீசன் தொடங்கிவிட்டது என்று வழி சொல்லி ஒரு படம் போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பது கார்கள் வந்து, யாரோ ஒருவரின் சாமைக் காட்டில் வரிசையாக நின்றன. அன்றிலிருந்து எதை எழுதினாலும் முதலில் தலைவருக்கு அனுப்ப வேண்டும். அவர் பதிலுக்குக் கட்டை விரல் படம் போட்டால்தான் வெளியே போகும். பக்கத்தின் கடவுச்சொல் அவருக்குத் தெரியாது. "அந்தக் கருமமெல்லாம் எனக்கெதுக்கு கண்ணு, நீ எழுது, நான் விரலக் காட்டுறேன்" என்பார்.

திட்டத்தின் ஆறாம் பக்கத்தில், 'ஒரே முகம், ஒரே கதை' என்று இருந்தது. எழுநூறு முகத்தை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள், ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். மாசி மாதத்தில், உறுப்பினர்களில் ஒருத்தியான முனியாயி பாறை மேல் மிளகு காயப்போடும்போது யமுனா ஏதோ கேலி பேச, அவள் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். நாற்பது விநாடி வீடியோதான். ஏழு லட்சம் பேர் பார்த்தார்கள். 'முனியாயி மிளகு' என்று பெயர் சொல்லியே ஆர்டர் குவிந்தது. அதன் பிறகு எவர் தோட்டத்து மிளகானாலும் பாக்கெட்டில் முனியாயி படம்தான். விளம்பரம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று யமுனா நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக இப்போது தன்னையே அறைய வேண்டும்போல் இருந்தது.

வீடியோவில் பாக்கெட்டின் மேல் தெரிந்த தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு கிடங்குக்குப் போனாள். அந்த எண் போட்ட பாக்கெட்டுகள் இன்னும் இரண்டு பெட்டி இருந்தன. அவற்றுக்குப் பின்னால் மடித்துக் கிடந்த காலி மூட்டைகளின் வாயில் சிவப்பு நூல் தையல். மலையில் எல்லோரும் மூட்டையைச் சணல் கயிற்றால்தான் கட்டுவார்கள். சிவப்பு நூல் கீழே இருக்கும் வியாபாரிகளின் வழக்கம். வைகாசியில் ஒரு லாரி இந்த மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனதை அவள் பார்த்தாள். அன்றைக்கே தலைவர் இன்னும் ஐயாயிரம் ஸ்டிக்கர் அடிக்கச் சொன்னார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

இப்போது கேட்டாள். அர்த்தனாரி முதலில் சுவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீ சும்மா சும்மா வீடியோ போட்டு ஆர்டர் புடிச்சுட்டீல்ல? இங்க மிளகு எங்க இருக்குது? இல்லேன்னு சொன்னா மறுவருஷம் ஒருத்தனும் வாங்க மாட்டான்னு உன்ற சென்னைக்காரருதான் சொன்னாரு. எட்டு மூட்டைதான் கண்ணு. அதுல பப்பாளி வெத இருக்கும்னு நான் என்ன சோசியமா பாத்தேன்?"

அவர் கெட்ட மனுஷன் இல்லை. நிறுவனம் மூழ்கினால் எழுநூறு குடும்பமும் பழையபடி வியாபாரியின் தராசுக்குப் போக வேண்டும் என்கிற பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. பயந்தவர் செய்கிற காரியம் கெட்டவர் செய்வதைவிட மோசமாக இருக்கலாம் என்பது யமுனாவுக்கு அடுத்த அரை மணி நேரத்தில் தெரிந்தது.

மணிவண்ணன் ஸ்பீக்கரில் பேசினார். மூன்று மணிக்குள் பதில் போயாக வேண்டும், இல்லையென்றால் சாயங்காலம் டிவிக்காரர்கள் எடுத்துவிடுவார்கள் என்றார். வார்த்தைகளையும் அவரே சொல்லச் சொல்ல யமுனா எழுதினாள். 'குறிப்பிட்ட ஒரு உறுப்பினரிடமிருந்து வந்த மிளகில் தவறு நேர்ந்துள்ளது. அவரை நீக்கிவிட்டோம். வருந்துகிறோம்.'

"எந்த உறுப்பினர் சார்?" என்றாள் யமுனா.

"பேர் போட வேண்டாம்மா."

"பாக்கெட்லயே படம் இருக்குதுங்களே!"

அர்த்தனாரி மேஜையைத் தட்டி, "எழுநூறு பேரா, ஒருத்தியா?" என்றார்.

அந்த நேரத்தில்தான் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். மலையின் மறுகோடியில் இருக்கும் குண்டூர் நாட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள் முனியாயி. கையில் மஞ்சள் பை. முகத்தில் பாக்கெட்டில் இருந்த சிரிப்பின் அடையாளம்கூட இல்லை. அவளிடம் சாதா போன்தான். சேலத்தில் நர்சிங் படிக்கிற மகள் மணிமேகலை, விடியக்காலையில் கூப்பிட்டு அழுதிருக்கிறாள்.

"ஏனுங்க தலைவரே, நான் கலப்படம் பண்ணேன்னு ஊரு உலகமே பேசுதாமா?"

"உக்காருங்க முனியாயி. பாத்துக்கலாமுங்க."

"உக்கார நேரமில்லீங்க. நாளைக்கு ஆடி நோம்பி. இந்த வருசம் சாமிக்கு மொதப் படி சாமை அளக்குறது எங்க ஊட்டு மொறை. பதினொரு ஊட்டுக்காரங்க சுத்தி வந்து இப்பத்தான் எங்களுக்கு வருது. கலப்படம் பண்ணுன கை அளந்த சாமைய சாமிக்கு எப்புடிப் பொங்குறதுன்னு கேக்குறாங்க. நாலு மணிக்கு ஊர்க்கூட்டம். வெதச் சாமையக் கையில புடிச்சுச் சொல்லச் சொன்னாங்க, நான் சொல்லிருவேன். ஆனா எங்கிட்ட வாங்குனதுக்குப் பொறகு என்ன ஆச்சுன்னு ஆபீசுல இருந்து ஒருத்தரு வந்து சாமை புடிக்கோணுமாம். அனுப்புவீங்களா?"

விதைச் சாமையைக் கையில் பிடித்துப் பேசுவது அந்த ஊர்களில் விளையாட்டு இல்லை. பேசியவர் அந்தப் பிடியைக் கொண்டுபோய்த் தன் காட்டில்தான் விதைக்க வேண்டும். பொய் சொன்னவன் காட்டில் அது முளைக்காது. முளைக்காவிட்டால் ஊரே பார்க்கும்.

"வாரோம், போங்க" என்றார் அர்த்தனாரி. முனியாயி கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் நம்பிப் போனதுதான் யமுனாவுக்குத் தாங்கவில்லை.

பஸ் கிளம்பிய சத்தம் கேட்டதும் அர்த்தனாரி தன் போனை எடுத்தார். யமுனாவின் கையில் இருந்த அலுவலகப் போன் அதிர்ந்தது. மணிவண்ணன் சொன்ன அறிக்கைக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டை விரல்.

"மூணு மணிக்குப் போட்டுரு. நான் சாப்புட்டு வாரேன்."

மணி ஒன்றரை. யமுனா பத்து நிமிஷம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டால் வேலை நிலைக்கும், நிறுவனமும் ஒருவேளை நிலைக்கும், முனியாயி போவாள். போடாவிட்டால் மூன்றும் தலைகீழ். கணக்கு என்னவோ எளிதாகத்தான் இருந்தது. ஆனால் உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியவில்லை. சிவப்பு நூல் மூட்டை ஒன்றைச் சுருட்டிக்கொண்டு, இரண்டு பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அலுவலகப் போனோடு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

குண்டூர் நாட்டுக்குப் போகும் ரோட்டில் வேகமாகப் போக நினைக்கிறவர்கள் பாதி வழியில் கோயிலைத் தேடுவார்கள். மழை பெய்து பாசி பிடித்த வளைவுகள். நடுவில் ஒரு பலா லாரி பழுதாகி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. டயர் மாட்டும்வரை நிற்க வேண்டியதாயிற்று. மூன்று மணி ஆனபோது அங்கேதான் நின்றாள். மூன்று ஐந்துக்குப் போன் அடித்தது. எடுக்கவில்லை. மூன்று பத்துக்கு, 'என்னாச்சு' என்று ஒரு குரல் செய்தி. மூன்றேகாலுக்கு இன்னொன்று: "யமுனா, முனியாயி ஊருக்கா போயிட்ட? ஜீப்ப எடுத்துட்டு வாரேன், இரு." அதற்குப் பிறகு சிக்னல் போய்விட்டது. அவளுக்குப் பயம், அதை மறைக்கத் தோன்றவும் இல்லை.

முனியாயியின் ஊரில், கோயில் வாசலில் அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் நடுவில். முனியாயி ஓரமாக, செருப்பில்லாமல், இரண்டு கையிலும் சாமையை ஏந்தி நின்றாள். அவள் பேசி முடித்துவிட்டாள் என்பது எல்லோரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்ததிலேயே தெரிந்தது.

"ஆபீசுல இருந்து வந்துட்டாங்க" என்றாள் முனியாயி. அவ்வளவுதான் சொன்னாள்.

அங்கே சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று. விளக்குத் தூணுக்குப் பக்கத்துக் கல். யமுனா போனை அந்தக் கல்லின் மேல் சாய்த்து வைத்து, நிறுவனப் பக்கத்தில் நேரலையைத் தொட்டாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, தலைவர் விரல் காட்டாமல் ஒன்று வெளியே போனது. செருப்பைக் கழற்றினாள். ஒரு பாக்கெட்டைக் கிழித்து, கோயில் செம்பிலிருந்த தண்ணீரில் கொட்டினாள். பாதி மிதந்தது. முனியாயி தன் பையிலிருந்து ஒரு பிடி மிளகை எடுத்து வேறு செம்பில் போட்டாள். மூழ்கியது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"எனக்குச் சாமை குடுங்க" என்றாள் யமுனா.

கருப்பண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ கீழ்நாட்டுப் புள்ள. உனக்கு வெதைக்கக் காடு இருக்குதா?"

"இல்லீங்க. எங்க ஊட்டுக்குப் பின்னால கொஞ்சம் எடம் இருக்குது. அங்க போடுறனுங்க."

கொடுத்தார்கள். "இந்தப் பாக்கெட்ல இருக்கிறது முனியாயிக்கா மிளகு இல்லீங்க. கீழ வாங்குனது. இதா மூட்டை. அக்கா குடுத்தது நாலே மூட்டைதான். ஆனா ஆயிரக்கணக்கான பாக்கெட்டுக்கு அவங்க படத்த அடிச்சு ஒட்டுனது நாந்தான். மூட்டைய நான் பாத்தேன். கேக்காம உட்டுட்டேன்."

"வாங்குனது ஆரு?" என்றார் கருப்பண்ணன்.

அப்போதுதான் ஜீப் வந்து நின்றது. அர்த்தனாரி கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தார். "அந்தப் போன அமுத்து!" என்று கத்தியபடியே வந்தவர், கோயில் எல்லைக்கல்லுக்கு முன்னால் செருப்பை உதறிவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தார். எந்த அவசரத்திலும் அந்தக் கால்களுக்கு அது மறக்கவில்லை.

யமுனா போனை அணைக்கவில்லை. தன் கையில் இருந்த சாமையில் பாதியை அவர் முன்னால் நீட்டினாள்.

அர்த்தனாரி அதைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். கூட்டத்தில் அவருடைய மச்சான் இருந்தார், பெரியப்பா மகன் இருந்தார், அவரைத் தலைவராக்கக் கை தூக்கிய அத்தனை பேரும் இருந்தார்கள். வாங்காமல் திரும்பிப் போயிருக்கலாம். அதுவும் ஒரு பதில்தான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கல்லின் மேல் போன் பார்த்துக்கொண்டிருந்தது. கையை நீட்டினார். சாமை விழுந்ததும் விரல்கள் மூடிக்கொண்டன.

சாதாரணமாக விரலை மட்டும் காட்டுகிறவருக்கு வார்த்தை வருவது கஷ்டமாக இருந்தது.

"நாந்தான் வாங்குனேன்" என்றார். "எட்டு மூட்டை. இந்தம்மா மேல ஒரு குத்தமும் இல்லீங்க. இவங்க தலைல கட்டிரலாம்னு பாத்தேன். அதுவும் நாந்தான்."

சொல்லிவிட்டு அழுதார். யாரும் போய்த் தேற்றவில்லை. கருப்பண்ணன் எழுந்து, "மொறை மாறாது. மொதப் படி முனியாயி ஊடு" என்றார். கூட்டம் கலைந்தது.

முனியாயி யமுனாவிடம் வந்தாள். நன்றி சொல்வாள் என்று யமுனா எங்கோ ஓர் ஓரத்தில் எதிர்பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கேள்வி அப்படிச் சுட்டிருக்காது.

"என்ற மூஞ்சிய எதுக்கு கண்ணு அத்தன பாக்கெட்டுல ஒட்டுன? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"நல்லா இருந்துச்சுக்கா" என்றாள் யமுனா. சொல்லும்போதே அவமானமாக இருந்தது.

"இனி நான் குடுத்த மூட்டைக்கு மட்டும் ஒட்டு. ஒண்ணு கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்."

மறுநாள் முதல் படி அளந்து, பொங்கல் பொங்கி, மத்தியானம் ஓய்ந்த பிறகு யமுனா அலுவலகத்தைத் திறந்தாள். நேரலையை ஒன்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். நேற்றுத் திட்டியவர்களே இன்று கண்ணீர்ப் படம் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ஆர்டர்கள். முந்நூறு, நானூறு, அறுநூறு. எல்லோருக்கும் ஒரே ஒன்றுதான் வேண்டும்: 'முனியாயி அம்மா படம் போட்ட பாக்கெட்டே அனுப்புங்க.' மணிவண்ணன் ஆறு தடவை கூப்பிட்டிருந்தார். இந்த வாய்ப்பை விட்டுவிடக் கூடாது என்று ஒரு செய்தி வேறு.

கிடங்கில் முனியாயியின் மிளகு ஒரு படிகூட இல்லை. மற்றவர்கள் மிளகு இரண்டு மூட்டை இருந்தது. அச்சடித்த ஸ்டிக்கர் மூவாயிரம் இருந்தது.

யமுனா எழுதினாள். 'முனியாயி மிளகு தீர்ந்துவிட்டது. அடுத்த அறுவடை தை மாதம். அதுவரை இல்லை.' விதிப்படி அர்த்தனாரிக்கு அனுப்பினாள். அவர் இன்னும் தலைவரா இல்லையா என்பதைப் பொதுக்குழுதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் விதி இன்னும் மாறவில்லை. அவர் பார்த்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீல டிக் வந்தது. அதோடு நின்றது. ஆர்டர் எண்ணிக்கை எழுநூறைத் தாண்டியது.

கால் மணி நேரம் கழித்துப் போன் அதிர்ந்தது. கட்டை விரல்.

யமுனா அதை வெளியிட்டுவிட்டு, ஸ்டிக்கர்களைக் கட்டோடு எடுத்துக்கொண்டு, கிடங்குக்குப் பின்னால் டீ போடும் விறகடுப்பில் எரிக்கப் போனாள்.