வராத சோதனைகளுக்கு ஓர் அமர்வு

ஆய்வகத்தில் அவளுக்கு மந்திரி என்று பெயர். ஆய்வு மாணவர் மாநாட்டுக் குழுவா, அவள்தான். பசுமை ஆய்வகக் குழுவா, அதுவும் அவள்தான். யார் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

"ஊர் வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கிட்டுச் செய்யறே, தீசிஸை யாரு எழுதுவா? நானா?" என்று அக்கா போனில் கேட்டே விட்டாள்.

கேட்டதில் நியாயம் இருந்தது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவை வைத்து அவள் செய்த சோதனை வருடக்கணக்கில் காலை வாரிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால், மாநாட்டுக்கு மைக் ஏற்பாடு செய்வது சுகம். செய்தால் முடிந்துவிடும். முடிந்தது கண்ணுக்கும் தெரியும்.

அந்த வருடம் பசுமைக் குழு, நடைவழியில் உறுமிக்கொண்டிருந்த பழைய ஃப்ரீசரை நிறுத்துவது என்று முடிவெடுத்தது. ஒரு வீட்டுக்கு ஆகிற மின்சாரத்தை அது ஒன்றே குடித்தது. அவரவர் மாதிரிகளில் வேண்டாததைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் புதிய ஃப்ரீசருக்கு மாற்ற வேண்டும். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள். ஒருவர் மட்டும் அசையவில்லை. அவளுக்கு வெகு முன்பே சேர்ந்து, இன்னும் முடிக்காத சீனியர். மற்றவர்கள் அவரைப் பெருசு என்பார்கள்; அவள் அண்ணா என்பாள். நடுத்தட்டு முழுக்க அவர் பெட்டிகள்.

"அண்ணா, உங்க தட்டு மட்டும்தான் பாக்கி."

"இருக்கட்டும்மா, பாத்துக்கலாம்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. அதையெல்லாம் யூஸ் பண்ணப் போறீங்களா, இல்லையா?"

அவர் கையிலிருந்த பிப்பெட்டைக் கீழே வைத்தார். "பண்ணப் போறதில்லை. போதுமா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "திரும்பத் திரும்ப செஞ்சும் ஒண்ணும் வரலை. தூக்கிப் போட்டுட்டா அவ்வளவுதான்னு ஆயிடும். உள்ளே இருக்கிற வரைக்கும் இன்னும் முடியலைன்னு நெனச்சுக்கலாம்."

அவளும் அதையேதான் செய்திருந்தாள். தன் பெட்டிகளில் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமல், முதல் ஆளாகப் புதிய ஃப்ரீசருக்கு மாற்றியவள் அவள்.

அடுத்த மாநாட்டுக் கூட்டத்தில், வராத சோதனைகளைப் பற்றிப் பேச ஓர் அமர்வு வேண்டும் என்றாள்.

"தோத்த கதையைக் கேக்க யாரு வருவா?" என்றான் குழுவில் ஒருவன்.

மாநாட்டன்று கேட்க ஆள் வந்தது. பேசத்தான் ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. கடைசியில் அவளே மேடை ஏறினாள். முன்வரிசையில் அவள் ஆய்வை மேற்பார்க்கும் கைடு கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஆட்டோகிளேவின் அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய மண்ணும் நீக்காத மண்ணும் ஒன்றுபோலவே நடந்துகொண்டதைக் காட்டும் வரைபடத்தைத் திரையில் போட்டு, இரண்டும் வேறுபட்டிருக்க வேண்டும் என்றாள்.

பின்வரிசையிலிருந்து பெருசு எழுந்தார். "மண்ணை ஆட்டோகிளேவ்ல எத்தனை தடவை வச்சே?"

"ஒரு தடவைதான் அண்ணா."

"நானும் ஒரு தடவைதான்" என்றார். ஏன் கேட்டோம் என்பதுபோல உடனே உட்கார்ந்துவிட்டார்.

மாடியில் இருக்கும் இன்னொரு துறையின் மாணவி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். "ஒரு தடவை பத்தாதுங்க. சில கிருமிங்களோட வித்துகள் அந்தச் சூட்டுக்கும் சாகாது. அடுத்தடுத்த நாள் மறுபடி வைக்கணும். இதைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள எங்களுக்கு ஒரு வருஷம் போயிடுச்சு. வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. இத்தனை பேரும் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டு, ஒரே பள்ளத்தில் ஆளுக்கொரு பக்கமாக விழுந்து கிடந்திருக்கிறார்கள். தேநீர் இடைவேளையில் பெருசு அந்த மாணவியை விடவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார்.

மாநாடு முடிந்ததும் பழைய ஃப்ரீசர் முன் கையுறையோடு வந்து நின்றார். நடுத்தட்டிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, பெயரைப் படித்து, கழிவுப் பையில் போட்டார். அவள் உதவிக்கு வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று தலையசைத்தார். புதிய ஃப்ரீசரிலிருந்து தன்னுடையதையும் அவள் எடுத்து வந்து போட்டாள். பிளக்கைப் பிடுங்கி உறுமல் நின்றதும் நடைவழி திடீரென்று பெரிதானதுபோல் இருந்தது. உருகிய பனி தரையெல்லாம் ஓட, இருவரும் துடைத்தார்கள்.

"மறுபடி செய்யப் போறீங்களாண்ணா?"

"எனக்கு ஏதும்மா நேரம்? ஏன் வரலைன்னு ஒரு அத்தியாயம் எழுதிட்டுக் கிளம்பறேன். இப்போ எழுத முடியும்னு தோணுது."

அவளுக்கு நேரம் இருந்தது. மறுநாள் காலை புது மண்ணைச் சலித்து ஆட்டோகிளேவில் வைத்தாள். அதற்கு அடுத்த நாளும் வைத்தாள்.