பிரமோனோ பூசிய சுவர்

பிரமோனோவுக்கு நான்கு வயதில் வந்த காய்ச்சல், போகும்போது பார்வையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு முப்பது வருஷம். சலாத்திகா என்ற மலையூரில், பேருந்து நிலையத்திலிருந்து மலைப்பக்கம் ஏறுகிற தெருவில் உடம்பு பிடித்துவிடுவது அவன் தொழில். காய்கறி மூட்டை தூக்குகிறவர்களும் லாரிக்காரர்களும் குனிந்தபடி வந்து நிமிர்ந்து போவார்கள்.

அவன் மனைவி குஸ்வந்தி தையல்காரி. கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தெருக்கோடியில் பாதி கட்டி நின்றுபோன ஒரு சிறு வீட்டை வாங்கிக் குடியேறியிருந்தார்கள். கொத்தனார் வீர்யோ உள்சுவர்களுக்குச் சிமெண்டில் முதல் பூச்சு பூசி, அது நன்றாகக் காயட்டும் என்று சொல்லிவிட்டு, நாற்று நட ஊருக்குக் கிளம்பினார். மேல்பூச்சுக்கு இரண்டு மாதம் கழித்து வருவதாகச் சொன்னார்.

அதுவரை காத்திருக்க வேண்டாம், மேல்பூச்சைத் தானே பூசிக்கொள்கிறேன், ஒரு கரணையை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள் என்றான் பிரமோனோ.

வீர்யோ டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என்னப்பா, சுவத்துக்கும் உடம்பு பிடிச்சு விடப் போறியா? அது ஆ ஊன்னு கூடக் கத்தாது. எங்க வலிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பே?"

"கத்துறவங்களும் எங்க வலிக்குதுன்னு சரியாச் சொல்றதில்ல, பாக்," என்றான் பிரமோனோ. வயதில் மூத்தவர்களை அங்கே பாக் என்றுதான் கூப்பிடுவார்கள்.

வீர்யோ சிரித்துக்கொண்டே கரணையையும், பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்துகிற மணியாசுக் கட்டையையும் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐந்து வாரம் கழித்துச் சுவர் நன்றாகக் காய்ந்ததும் குஸ்வந்தி அவனைக் கைப்பிடித்துக் கடைக்கு அழைத்துப் போனாள். கடைக்காரி லானி பேச்சில் கறார். குஸ்வந்தி இருப்பதிலேயே வெள்ளையான பூச்சு மூட்டை வேண்டும் என்று கேட்டதும் லானி பதில் சொல்லாமல் கேள்வி கேட்டாள். உள்சுவரா, வெளிச்சுவரா? மழை படுமா? குளியலறை உண்டா? கீழேயிருந்து ஈரம் ஏறுகிறதா? எல்லாம் கேட்ட பிறகு, படுக்கிற அறைக்கும் தொழில் செய்கிற அறைக்கும் ஜிப்சம் பூச்சு போதும், குளியலறைப் பக்கம் மட்டும் சிமெண்டுப் பூச்சு வேண்டும், அங்கே ஜிப்சம் பூசினால் ஊறிப்போய் உதிரும் என்றாள்.

மூட்டைகளை எடுத்துப் போடச் சொன்னபோது பிரமோனோ குனிந்து ஒவ்வொன்றின் மூலையையும் அழுத்திப் பார்த்தான். உள்ளே மாவு நெகிழ்ந்து கொடுக்கிறதா என்று நாலு மூலையிலும் பார்த்தான். பன்னிரண்டில் இரண்டைத் தள்ளி வைத்தான். லானி அந்த இரண்டிலும் அச்சடித்திருந்த தேதியைப் பார்த்தாள். மற்றவை போன மாதம் வந்தவை, இவை இரண்டும் போன வருஷச் சரக்கு. அவள் உள்ளே போய் வேறு இரண்டு எடுத்து வந்தாள். கிளம்பும்போது குஸ்வந்தியிடம் மட்டும் சொன்னாள்: தரையில் வைக்காதே, பலகை போட்டு அதன்மேல் அடுக்கு, சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வை, பிரித்த மூட்டையை இறுக்கிக் கட்டி அதைத்தான் முதலில் தீர்க்கணும்.

குஸ்வந்தி சொன்னபடியே பலகை போட்டுத்தான் அடுக்கினாள். ஆனால் அந்த வாரம் மெர்பாபு மலை முழுக்க மேகம் இறங்கி மழை கொட்டியது. வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்த ஒரு மத்தியானம், பிரமோனோ ஒரு கிழவருக்கு இடுப்புப் பிடிக்க வெளியே போயிருந்தான். தையல் மெஷினின் கால்கள் நனைவதைப் பார்த்ததும் அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. மூட்டைகளுக்கு அடியிலிருந்த பலகைகளை உருவி மெஷினுக்கு அடியில் கொடுத்தாள். மூட்டைகளைத் தண்ணீர் வராத மூலைக்கு இழுத்துச் சுவரோடு சாய்த்து வைத்தாள். பிறகு மறந்தே போனாள். பத்து நாள் அவை அங்கேயே கிடந்தன.

மழை விட்டதும் வேலை தொடங்கியது. முதல் வாளி கலந்த வேகத்திலேயே பாழானது. தண்ணீரில் மாவைத் தூவி, ஊறவிட்டு, கிளறி, பிரமோனோ கரணையில் அள்ளி இரண்டு முறை இழுப்பதற்குள் இறுகிவிட்டது. ஒத்திகைக்காக முந்தின நாள் கொஞ்சம் கலந்த வாளியை அவள் சரியாகக் கழுவவில்லை. அடியில் ஒட்டியிருந்த பழைய துணுக்குகள் புதுக் கலவையையும் சீக்கிரமே கெட்டியாக்கிவிட்டன. அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது பிரமோனோ வாளியின் வெளிப்புறத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"குஸ், இங்க வா. இது கொதிக்குது."

அவள் தொட்டுப் பார்த்தாள். குழாய்த் தண்ணீரில் கலந்ததுதான். அடுப்பு பக்கத்தில் எங்கும் இல்லை. வாளி சோற்றுப்பானை போலச் சுட்டது.

அன்று நாலு வாளி சுத்தமாகக் கழுவிக் கலந்தார்கள். அவள் அளந்து போடுவாள், அவன் கிளறுவான். அவள் கைபிடித்துத் தொடங்கிவைக்க வேண்டியது ஒரு மூலையில் மட்டும்தான். அதன்பின் இடது கை முன்னே சுவரைத் தடவிப் போகும், வலது கை கரணையோடு பின்னாலேயே வரும். வீர்யோவின் பூச்சில் ஜன்னலுக்கு அடியில் ஒரு பள்ளம் இருந்தது. இத்தனை நாள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அதைக் கவனித்ததே இல்லை. பிரமோனோ அங்கே விரல் தடிமனுக்கு நிரப்பினான். கொஞ்ச நேரம் கழித்து அவள் கையை இழுத்து அந்த இடத்தில் வைத்தான்.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. தூங்குகிற குழந்தையின் முதுகில் கை வைத்தது போல இருந்தது அவளுக்கு. ஈரச் சேறாகப் பூசியது கல்லாக மாறுகிற அந்த நேரத்தில் தன்னையே சூடாக்கிக்கொள்கிறது. அவள் கையை எடுக்கவில்லை. வெளியே தைக்கத் துணி கொண்டுவந்து யாரோ கூப்பிட்டதுகூட அவள் காதில் விழவில்லை. சூடு மெல்ல ஏறி, நின்று, பிறகு மெல்ல இறங்கியது. அது முழுவதும் தணியும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

மூன்றாம் நாள் அவள் கடைசி இரண்டு மூட்டைகளை நகர்த்தினாள். அடியில் சுவரோடு ஒட்டிக் கிடந்தவை அவைதான். மூலைகள் கருங்கல்லாக இருந்தன. பிரித்தால் எலுமிச்சை அளவுக் கட்டிகள். லானி அத்தனை தூரம் சொல்லியும் செய்த தப்பு. அவன் அப்போது முன்னறையில் ஒரு லாரிக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் சத்தம் வராமல் கட்டிகளை மிளகாய் அரைக்கும் குழவியால் நசுக்கினாள், மாவுச் சல்லடையில் சலித்தாள், நல்ல மூட்டையில் மிச்சமிருந்ததோடு கலந்துவிட்டாள். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

கிளறும்போது அவன் ஒருமுறை நிறுத்தி, இன்றைக்குக் கலவை வேறு மாதிரி வருகிறதே என்றான். மழைக் குளிராக இருக்கும் என்றாள் அவள். அவன் மேலே கேட்கவில்லை. அன்று மாலைக்குள் படுக்கையறையின் நீளச் சுவர் முடிந்தது.

மறுநாள் காலையில் அவள் தெம்பே என்ற சோயா வில்லைகளைப் பொரித்துத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தபோது அவன் அந்தச் சுவரில் உள்ளங்கையைப் பரப்பி நடந்துகொண்டிருந்தான். நடுவில் கை நின்றது. நகத்தால் லேசாகக் கீறினான். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. ஓர் அடி பின்னால் போய்க் கீறினான், உதிரவில்லை. மறுபடி முன்னால் வந்தான். பிறகு பென்சில் கேட்டு வாங்கி, மேலிருந்து கீழாக வளைந்து வளைந்து ஒரு கோடு இழுத்தான்.

கட்டிகளை நசுக்கிக் குஸ்வந்தி கலந்த வாளி தொடங்கிய இடம் அது. நேற்று அந்த ஓரம் எப்படி வளைந்திருந்ததோ அப்படியே, ஒரு விரல்கூட விலகாமல் கோடு வந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே வெள்ளை. அவள் கண்ணுக்கு அங்கே எதுவும் இல்லை.

"இந்தப் பக்கம் நல்லா இருக்கு. இதுலேர்ந்து அந்தப் பக்கம் எலும்பே இல்லாத மாதிரி இருக்கு," என்றான். "நேத்து மாவுல என்ன நடந்துச்சு?"

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மழை, பலகை, கட்டிகள், குழவி, சல்லடை. சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. "கண்ணு தெரியாத மனுஷனை ஏமாத்தினேன், மஸ். அதான் என்னால தாங்க முடியல."

மஸ் என்பது அண்ணன் என்று பொருள்படும், கணவனையும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவனுக்குக் கோபம் இருந்தது. பென்சிலை விரலால் உருட்டிக்கொண்டே நின்றான்.

"பலகை இப்ப எங்க இருக்கு?"

"மெஷினுக்கு அடியிலதான்."

"அங்கயே இருக்கட்டும். மெஷின் துருப்பிடிச்சா சுரண்டிட்டு வேற பூச முடியாது. இதைச் சுரண்டிடலாம்." பிறகு சொன்னான்: "ஆனா மழைன்னு சொன்னே பாரு, அதை இனிமே சொல்லாத."

அவள் சரி என்றாள். பகல் முழுக்க இரண்டு பேருமாகச் சுரண்டினார்கள். கோடு வரைக்கும் பொலபொலவென்று பெயர்ந்து வந்தது. கோட்டைத் தாண்டியதும் சுரண்டுகிற தகடு வழுக்கியது. லானியிடம் புதிதாக இரண்டு மூட்டை வாங்கி, செங்கல் மேல் கதவுப் பலகையைப் போட்டு அதன்மேல் வைத்தாள். அந்த வார முடிவில் வீடு முழுக்கப் பூசி முடிந்தது.

வீர்யோ ஊரிலிருந்து திரும்பியதும் நேரே அங்கேதான் வந்தார். உள்ளே போனவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. மட்டப்பலகையைச் சுவரில் நிறுத்தி, சாய்த்து, படுக்க வைத்து, பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகிப் பார்த்தார். காகிதம் நுழையவில்லை. கிண்டல் எதுவும் செய்யவில்லை. ஊருக்குப் போகுமுன் அவர் ஒரு டாக்டர் வீட்டுக் கூடத்தைப் பூசி முடித்திருந்தார், மறுநாள் வண்ணம் அடிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு தடவை வந்து தொட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டார். கேட்கும்போது அவர் குரலில் இருந்த மரியாதையைக் குஸ்வந்தி கவனித்தாள்.

கூடம் பெரியது. பட்டப்பகல், எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. சுவர் பால்போல இருந்தது. பிரமோனோ செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்திலிருந்து தொடங்கினான். கை நிற்கிற இடத்தில் விரலை ஊன்றுவான், குஸ்வந்தி அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடுவாள். ஒவ்வொரு வட்டம் போடும்போதும் அவள் உற்றுப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. நாலாவது வட்டத்தில் வீர்யோவுக்கு முகம் சுருங்கியது. இருபத்தாறு வருஷமாகப் பூசுகிறவர். ஒன்பதாவது வட்டத்தில் அவரே போய்த் தடவிப் பார்த்து, இங்கே ஒன்றுமே இல்லையே என்று முணுமுணுத்தார்.

"இருக்கு, பாக். ஒரு தாள் கனம்," என்றான் பிரமோனோ.

பதினாலு வட்டம் ஆனது. வீர்யோ ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். கூடம் இருண்டது. கைவிளக்கை ஏற்றி, சுவரோடு கன்னம் வைப்பது போல ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தைச் சாய்வாக ஓடவிட்டார்.

வெள்ளைச் சுவரில் நிழல்கள் எழுந்தன. சின்னச் சின்ன மேடும் பள்ளமுமாக, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒன்று. வட்டத்துக்கு வெளியே எதுவும் இல்லை. வீர்யோ விளக்கைத் தூக்கிக்கொண்டு சுவரின் கடைசிவரை நடந்தார், திரும்பி நடந்தார். குஸ்வந்திக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையிலிருந்த பென்சிலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு? ஏன் ரெண்டு பேரும் பேச மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டான் பிரமோனோ.

வீர்யோ விளக்கைக் கீழே வைத்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, மஸ் பிரமோனோ," என்றார். தன்னைவிட இருபது வயது இளையவனை அவர் அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை.