ஒட்டகப் பாறையில் ஒரு பேரம்

ஒட்டகப் பாறையின் உச்சியிலிருந்து தெரியும் காட்சிக்கு விலை நாலணா. வானம், மேகம், காற்று, கீழே கூடலூர்ப் பள்ளத்தாக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். ஜார்ஜ் மன்னர் பட்டம் சூட்டிக்கொண்ட மறுவருஷம், நடுவட்டத்துக்கு வந்த புதுத் தோட்டத் துரை வைத்த விலை அது. பாதையின் குறுக்கே ஒரு கேட், கேட்டின் மேல் ஒரு பலகை, பலகையின் கீழ் ஒரு காவல்காரன். ஊரில் பலருக்கு வயிற்றெரிச்சல். எனக்கு இல்லை. யார் எதை விற்றாலும் எனக்குச் சம்மதம்தான். சொன்ன விலைக்கு வாங்குவது மட்டும்தான் எங்கள் குடும்பத்தில் இல்லாத வழக்கம்.

என் பெயர் சுபுஹான். நடுவட்டத்தில் கூடலூர் ரோட்டோரம் மளிகைக்கடை. என் அத்தா ஊட்டி பஜாரில் ஜவுளி விற்றவர். பேரம் பேசாமல் காசை நீட்டுகிற ஆளைக் கண்டால், "ஏனுங்க, உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று நிஜமாகவே விசாரிப்பார்.

என் மனைவி முனவ்வரா அதற்கும் மேலே. கூடலூர் மாட்டுத் தரகர் மகள். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்தே விலை முடிக்கிற வம்சம். அவள் அம்மா மரியம் பீவி, என் மாமி, எந்த எண்ணைக் கேட்டாலும் அதில் ஒன்றைக் குறைக்காமல் வாயை மூடியதில்லை. நிக்காஹ் பேசும்போது என் வயசைச் சொன்னார்கள். அதிலும் ஒன்று குறைத்தார்.

கல்யாணமாகி மலையேறும்போது தாயும் மகளும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், உச்சிப் பொழுதுக்கு முன்னால், முனவ்வரா கைக்கண்ணாடியோடு ஒட்டகப் பாறை உச்சிக்குப் போய் வெயிலைக் கூடலூர்ப் பக்கம் திருப்ப வேண்டும். மாமி வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டில் இன்னொரு கண்ணாடியோடு நிற்பார். இவள் ஐந்து முறை மினுக்குவாள். அங்கிருந்து நாலு முறை பதில் வரும்.

"பாருங்க, இதுலயும் ஒண்ணு வெட்டிப்போட்டாங்க!" என்று இவள் சிரிப்பாள். வருஷா வருஷம் இதுதான். ஒரே ஒரு வருஷம் மாமி உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் அண்ணன் கஃபார் கண்ணாடி பிடித்தார். ஐந்து அனுப்பினால் ஒழுங்காக ஐந்தைத் திருப்பி அனுப்பினார். பள்ளிக்கூட வாத்தியார்; கேட்டதைக் கொடுக்கிற அப்பாவி.

துரை கேட் போட்ட வருஷம் கீழே கொள்ளைக் காய்ச்சல். மலை ரோட்டை மறித்துவிட்டார்கள். ஆள் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. கடிதம் மட்டும் வந்தது. கஃபார் எழுதுவார்: இங்கு யாவரும் சுகம்.

"உன் அண்ணன்தான் சுகம்னு எழுதியிருக்காரே, புள்ள," என்றேன்.

"எங்க அத்தா மௌத்தாகி நாப்பதாம் நாள் பாத்திஹா முடிஞ்சப்பவும் அதே அண்ணன் அதத்தானுங்க எழுதினாங்க."

உண்மை. சாவுச் செய்தியைக் காகிதத்தில் எழுதக்கூடாது, ஆள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஆள் போக வழியில்லாதபோது அந்த வீட்டில் எல்லாரும் சுகமாகவே இருப்பார்கள்.

"காகிதத்துல எங்கம்மாவுக்குச் சாவே வராதுங்க," என்றாள். "கண்ணாடி சொல்லட்டும். நாலு வந்தா இருக்காங்க. அஞ்சு வந்தா..." கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

பெருநாளுக்கு மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. பல நாள் மழைக்குப் பிறகு பள்ளத்தாக்கு கழுவிவைத்த தட்டு மாதிரி கிடந்தது. நானும் முனவ்வராவும் கேட்டுக்குப் போனோம். காவல்காரன் சுடலைமுத்து, திருநெல்வேலிச் சீமைக்காரன்.

"ஆளுக்கு நாலணா, ராவுத்தரே."

"ஏப்பா, இவ துப்பட்டிக்குள்ள இருந்து பாக்கறவ. ஒத்தக் கண்ணுதான் வெளிய தெரியுது. இவளுக்குப் பாதி விலை போடு."

"ஒத்தக் கண்ணால பாத்தாலும் முழு மலைதாம்வே தெரியும்."

"சரி, மேல போனதும் மேகம் மூடிக்கிச்சுன்னா? காசு திரும்ப வருமா?"

"மேகமும் காட்சிதான். அதுக்குத் தனியா வாங்கலைன்னு சந்தோசப்படும்."

"நாங்க என்ன காட்சிய ஊட்டுக்கா தூக்கிட்டுப் போறோம்? பாத்துப்போட்டு அங்கயே வெச்சுட்டு வர்றோம். வாடகை கேக்கற எடத்துல கிரயம் கேக்கறியே!"

சுடலைமுத்து கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான். மாதக்கணக்காகக் கேட்டைக் காத்தவனுக்கு அன்றுதான் ஒரு மனுஷன் கிடைத்தான். வெற்றிலையை எடுத்து எனக்கும் நீட்டினான். எனக்கும் ருசி ஏறிவிட்டது.

"ஏனுங்க, குடுத்துப்போட்டு வாங்க," என்றாள் முனவ்வரா.

"இரு புள்ள, ஆளுக்கு மூணுக்கு வந்துட்டான்."

"ஏனுங்க, வெயில் போவுது."

"இரு, இரு, கனிஞ்சு வர்றான்."

கடைசியில் இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்றணா என்று முடிந்தது. கைகுலுக்கினோம். மடியை அவிழ்க்கும் நேரத்தில் குதிரைக் குளம்புச் சத்தம். துரை, இரண்டு மூன்று விருந்தாளிகள், பின்னால் சாப்பாட்டுக் கூடை சுமக்கும் ஆட்கள், அவர்களோடு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை லூயிஸ். அவர்கள் உள்ளே போனதும் கேட் சாத்தப்பட்டது.

"இன்னைக்குத் துரையோட விருந்து, ராவுத்தர்," என்றார் லூயிஸ். "வெளியாளுக்கு அனுமதி இல்ல."

"மூணணாவுக்கு முடிஞ்சுதுங்களே!"

"அனுமதி இல்லன்னா இல்ல."

"எட்டணா தர்றேனுங்க!" எங்கள் பரம்பரையில் விலையை ஏற்றிக் கேட்ட முதல் ஆள் நான்தான். "ஒரு ரூபா!"

லூயிஸ் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். திரும்பிப் பார்த்தேன். முனவ்வராவைக் காணோம். வேலியோரம் அவள் குடை மட்டும் செருகியிருந்தது. தோட்டத்துக்கு வெளியே, சோலைக்குள், வெள்ளைத் துப்பட்டி ஒன்று மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பாறை படுத்திருக்கும் ஒட்டகம் மாதிரி இருக்கும். துரையின் பாதை வால்பக்கமாக முதுகில் ஏறும், மாட்டுவண்டிகூடப் போகலாம். இன்னொரு பக்கம் கழுத்து. செங்குத்து. கழுத்துக்கும் திமிலுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. விறகு பொறுக்குகிற தபித்தாள் எப்போதோ எங்கள் கடையில் உப்பு வாங்கும்போது சொன்ன வழி. நான் உப்பைத்தான் கவனித்திருந்தேன். முனவ்வரா வழியைக் கவனித்திருக்கிறாள்.

பின்னாலேயே ஓடினேன். சோலைக்குள் பகலே இருட்டு. பாசி பிடித்த மரங்கள், காலை வைத்தால் வழுக்கும் வேர்கள். அட்டைகள் பேரம் பேசாமல் இரத்தம் குடித்தன. ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. வெளியே வந்து வெடிப்பின் அடியில் நின்றபோது, பள்ளத்திலிருந்து மூட்டம் புகை மாதிரி ஏறி வருவதைப் பார்த்தேன். சுடலைமுத்துவிடம் நான் மிச்சப்படுத்திய ஐந்தணா அங்கே ஏறிக்கொண்டிருந்தது.

முனவ்வரா வெடிப்புக்குள் முதுகை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் கொடுத்து, கண்ணாடியை இடுப்பில் செருகிக்கொண்டு, மேலே போய்விட்டாள். நானும் அப்படியே ஏறினேன். முக்கால் தூரத்தில், முந்தின நாள் சாப்பிட்ட பெருநாள் பிரியாணி பாறைக்கு முட்டுக்கொடுத்தது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை.

"புள்ளே! மாட்டிக்கிட்டேன்!"

மேலே அவள் முகம் எட்டிப் பார்த்தது. துப்பட்டியை முறுக்கிக் கீழே விட்டாள். நான் பிடித்துக்கொண்டேன். அவள் இழுக்கவில்லை.

"இனிமே பேரம் பேசமாட்டேன்னு சொல்லுங்க."

"இழு புள்ள, மூச்சு முட்டுது!"

"சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமையில பேசமாட்டேன்."

"சொல்லுங்க."

"வெள்ளியும் திங்களும்!"

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இழுத்தாள். சட்டைப் பொத்தான்கள் தெறித்து எங்கோ விழ, வயிறு பாறையை விட்டுப் பிரிந்து, நான் ஒட்டகத்தின் திமில் மேல் போய் விழுந்தேன்.

விழுந்த இடம் துரையின் விரிப்பு. அதன் மேல் ரொட்டி, பழப்பாகு, வெள்ளிக் கெட்டில். துரை எழுந்து நின்று முகம் சிவக்கக் கத்தினார். லூயிஸ் ஓடி வந்தார்.

"கேட் வழியா எப்படி வந்தீங்கன்னு துரை கேக்கறாரு. காசு எங்கன்னு கேக்கறாரு."

"துரை விக்கிறது பாதையத்தானுங்களே? நாங்க அந்தச் சரக்கத் தொடவே இல்லீங்க."

"பின்ன எந்த வழியா வந்தீங்க?"

கழுத்துப் பக்கம் கையைக் காட்டினேன். துரை விளிம்புக்குப் போய்க் குனிந்து பார்த்தார். பார்த்தவர் இரண்டடி பின்வாங்கி, முனவ்வராவை ஒருமுறை பார்த்து, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு காசுப் பேச்சு வரவில்லை.

முனவ்வரா இதில் எதையும் பார்க்கவில்லை. உச்சியின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மேல் வெயில். காலுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று மூட்டம். கூடலூர் இல்லை. பள்ளத்தாக்கே இல்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

காத்திருந்தோம். துரையின் டீ ஆறியது. பிறகு காற்று திசை மாறி, மூட்டத்தில் ஒரு கிழிசல் விட்டது. அதற்குள் வயல், ஓடு, பள்ளிவாசலின் வெள்ளை மினாரா.

அவள் கட்டைவிரலை நீட்டி, மினாராவுக்குப் பக்கத்து மேட்டை விரல் நுனியில் நிறுத்தி, கண்ணாடியைத் திருப்பினாள். உள்ளங்கையால் மூடி மூடித் திறந்தாள். ஐந்து.

கீழே ஒரு பொட்டு வெளிச்சம். இன்னொன்று. மூன்று. நாலு. அதோடு மூட்டம் மூடிக்கொண்டது.

"நாலு! நாலு புள்ள! மாமிதான்!" என்று குதித்தேன்.

"இல்லீங்க." அவள் மூட்டத்தைக் காட்டினாள். "அஞ்சாவது மூட்டத்துக்குள்ள போயிருந்தா?"

என் குதியெல்லாம் அடங்கிவிட்டது. கீழே நின்றது வாத்தியாரா, மாமியா? ஒரு வெளிச்சத்தில் இருந்தது மாமியின் உயிர்.

விருந்துக்கு வந்த வெள்ளைக்காரி லூயிஸைக் கூப்பிட்டு, அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டாள். லூயிஸ் என்னைப் பார்த்தார்.

"அம்மாகிட்ட பேரம் பேசறாள்னு சொல்லுங்க," என்றேன்.

மறுபடியும் காற்று வந்தது. இந்தத் தடவை மூட்டம் மொத்தமாகச் சுருட்டிக்கொண்டு போனது. கூடலூர் கடைசிக் கூரைவரை தெரிந்தது. முனவ்வரா கண்ணாடியைத் தூக்கினாள். மூன்று அனுப்பினாள்.

ஒன்று.

இரண்டு.

அப்புறம் இல்லை. மூட்டமும் இல்லை. மேடு பளிச்சென்று கிடந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். மூன்றாவது வரவில்லை, வரவே இல்லை.

"வெட்டிப்போட்டாங்க!" முனவ்வரா கத்திய கத்தல் கூடலூருக்கே கேட்டிருக்கும். "ஒண்ணு வெட்டிப்போட்டாங்க! எங்கம்மா இருக்காங்க!"

கண்ணாடியை வானத்தை நோக்கித் தூக்கிச் சுற்றினாள். அழுதாள், சிரித்தாள், என் கிழிந்த சட்டையைப் பிடித்து உலுக்கினாள். என்னவென்று புரியாமலே விருந்தாளிகள் கைதட்டினார்கள். லூயிஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். துரைகூட, வேறு வழியில்லாமல், இரண்டு தட்டு தட்டினார்.

அவளுக்கு அப்போது ஒரு குறும்பு வந்தது. கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு முறை மினுக்கினாள். கீழே ஒன்றும் இல்லை. ஒன்றில் ஒன்றை வெட்டினால் என்ன மிஞ்சும்? சற்று முன் அந்த இருட்டைப் பார்த்திருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும். இப்போது இரண்டு பேரும் பாறையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இறங்கும்போது துரையின் பாதையிலேயே, நடுப்பாதையில், கைவீசி நடந்தோம். பலகையில் ஏறுவதற்குத்தான் விலை இருந்தது. இறங்குவதற்குப் போட மறந்திருந்தார்கள். சுடலைமுத்து கேட்டைத் திறந்துவிட்டு வாயைப் பிளந்தான்.

"எப்படிவே மேல போனீரு? சரி, காட்சி எப்படி இருந்தது?"

"காட்சியா?" என்றேன். "அடடா, அதப் பாக்க மறந்துட்டேனே!"

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். செலவு: ஒரு செருப்பு, நாலு பொத்தான், அட்டைகள் குடித்தது போகட்டும். துரைக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை. அனுப்பிய வெளிச்சம் ஒன்பது, வந்தது ஆறு. மாமியின் பேரில் பாக்கி மூன்று. ரோடு திறந்த அன்றைக்கே நேரில் போய் வசூலிக்கப்படும்.