பத்தாவது மணி

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் ராசிக் நடத்திய கேம் கடையில் மெத்தை போட்ட கதிரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது நாகேந்திரத்தின் கதிரை. மற்றவர்கள் பிளாஸ்டிக் ஸ்டூலில் குந்தி விளையாடுவார்கள். நாகேந்திரம் மெத்தையில் சாய்ந்து, அவர்கள் விடுகிற பிழைகளைப் பார்த்துத் தலையாட்டுவார். கதிரைக்கு மேலே சுவரில் அவருடைய படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. கீழே ராசிக்கின் கையெழுத்து: ‘சுழி மாஸ்டர். பத்து மணி.’

கடையில் பன்னிரண்டு டிஸ்க் கிடந்தாலும் ஓடியது ஒன்றுதான். யப்பான் எழுத்தில் வந்த கள்ள டிஸ்க். பெயரை வாசிக்க ஆளில்லாதபடியால் அது கோடாலி கேம் ஆயிற்று. கடைசிக் கட்டத்தில் பனை உயரத்துக்கு ஒரு தடியன் கோடாலியோடு வருவான். வாள் அவனில் படாது. அவன் ஓங்கி அடிக்கும்போது, அடி விழுகிற அதே கணத்தில் வட்டப் பொத்தானை அழுத்தி விலக வேண்டும். சரியாக விலகினால் திரை நீலமாக மின்னி மணி ஒன்று அடிக்கும். பத்து மணி சேர்ந்தால் தடியன் சரிவான். மூன்று அடி வாங்கினால் நாம் சரிவோம்.

இப்படி விலகுவதற்கு யாழ்ப்பாணத்தார் வாயில் ஒரு சொல் இருக்கிறது: சுழிக்கிறது. பந்தடியில் எதிராளியைச் சுழிக்கலாம். கலியாணப் பேச்சைச் சுழிக்கலாம். தூரத்தில் ஆமிச் சென்ட்ரி தெரிந்தால் குறுக்கு ஒழுங்கையால் சுழிக்கலாம். அந்த வருடங்களில் கொழும்பில் இருந்த தமிழர் எல்லோருக்கும் இந்தக் கலையில் ஓரளவு தேர்ச்சி இருந்தது. கோடாலி கேமில் அவர்கள் தோற்றதற்கும் அதுதான் காரணம். கோடாலி மேலே போகும்போதே விலகிவிடுவார்கள். தடியனோ கோடாலியை உச்சியில் ஒரு கணம் நிறுத்தி, விலகியவன் விலகி முடியும்வரை பார்த்திருந்து, பிறகுதான் போடுவான்.

“தூக்கேக்க இல்லை, தம்பிமார்,” என்பார் நாகேந்திரம், கண்ணை மூடிக்கொண்டு. “நிழல் காலில விழேக்க. பொறுக்க வேணும். பொறுமைதான் சுழி.”

அது உண்மையான உபதேசம். கேட்டவர்கள் தேறினார்கள். கேட்காதவர் ஒருவர்தான்: நாகேந்திரம். கோடாலி அசைந்தாலே அவருடைய பெருவிரல் துள்ளிவிடும்.

அப்படியானால் பத்து மணி எங்கிருந்து வந்தது? போன வருடம் யாரோ கொன்ட்ரோலரில் சோடா ஊற்றிவிட்டார்கள். வட்டப் பொத்தான் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. திரையில் வீரன் கோயில் வீதியில் பிரதட்டை அடிப்பவனைப்போல நிற்காமல் உருண்டான். கோடாலி விழுந்த இடமெல்லாம் அவன் தற்செயலாக உருண்டு தப்பினான். பத்து மணியும் அடித்தன. சனம் திரையைப் பார்த்தது. விரலை யாரும் பார்க்கவில்லை. நாகேந்திரம் எழும்பி, முகத்தைத் துடைத்து, “வேற என்ன,” என்றார். அன்றைக்கே படம் எடுக்கப்பட்டது.

அந்த ஒட்டின பொத்தான் விஷயம் அவருக்கு மட்டும் தெரியும். அதை வெளியில் விட அவருக்கு வசதிப்படவில்லை. முப்பத்து மூன்று வயதில், கோட்டையிலுள்ள கப்பல் கந்தோர் ஒன்றில் தபால் பதிவு செய்கிற வேலை. தன்னைவிட நாலு வயது இளைய மனேஜர் அவரை “மல்லி”, அதாவது தம்பி, என்று கூப்பிட்டு ஜன்னலை மூடச் சொல்வார். கிருலப்பனையில் அறை வாடகைக்குக் கொடுத்திருந்த வீட்டுக்காரி அவரை “மேல் ரூம்” என்பாள். இந்தப் பரந்த கொழும்பில் அவரை மாஸ்டர் என்றது ராசிக்கின் கடை மட்டுமே.

ஆடி மாதத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து செபஸ்தியன் வந்தான். துறைமுகத்தில் வேலை, தோள் கதவகலம், பேச்சுக் குறைவு. ஸ்டூலில் இருந்தான்; பத்து மணி எடுத்தான்; எழும்பினான். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான்.

“மாஸ்டர் ஒருக்கா எடுத்துக் காட்டினா நல்லம்,” என்றான். நக்கலாகக் கேட்கவில்லை. அதுதான் வில்லங்கம்.

நாகேந்திரம் சுழிக்கத் தொடங்கினார்.

முதல் தடவை, “இண்டைக்கு ஆடி அமாவாசை, விரதம்,” என்றார். கடையில் இருந்தவர்களில் பாதிப் பேர் பயபக்தியோடு தலையாட்டினார்கள். மூலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த இராசரத்தினம் மட்டும் நிமிர்ந்தார்.

“ஆடி அமாவாசை தகப்பன் இல்லாத ஆக்கள் எல்லே பிடிக்கிறது? கொப்பரிட்ட இருந்து போன கிழமைதானே ஒடியல் பார்சல் வந்தது?”

“அது முன்கூட்டியே பழகிறன், அண்ணை,” என்றார் நாகேந்திரம். தகப்பனுக்கு இது தெரிந்தால் ஒடியல் நின்றுவிடும்.

அடுத்த கிழமை கட்டுநாயக்கா விமான நிலையம் அடிபட்டது. வெள்ளவத்தையில் வீடு வீடாகச் சோதனை. யாரும் வெளியில் தலைகாட்டவில்லை, நாகேந்திரமும் வரவில்லை. அந்த ஒரு காரணம்தான் கலப்படமில்லாதது. அதனாலேயே அதை யாரும் ரசிக்கவில்லை. அதற்கடுத்த கிழமை பெருவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். அதற்கும் அடுத்த கிழமை துணி மற்றக் கைக்கு மாறியிருந்தது.

கல்லாவில் இருந்த ராசிக்கின் தங்கை பலீலா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“மாஸ்டர், இந்தச் சனிக்கிழம வெளயாடுறீங்களா இல்லையா? இல்லாட்டி நான் போட்டோவ கழட்டிருவேன். கதிரய செபஸ்தியனுக்குக் குடுப்பேன்.”

“உனக்கென்ன பிள்ளை அவசரம்?”

“எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த ஆணில காலண்டர் கொழுவ ஈக்கிது.”

நாகேந்திரம் அன்று அறைக்குப் போய்ப் பேப்பரை விரித்தார். மழை பொய்த்து, நாடு முழுவதும் முறை வைத்துக் கரண்ட் வெட்டிய காலம் அது. எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்று பேப்பரில் அட்டவணை வரும். ராசிக்கிடம் ஜெனரேட்டர் கிடையாது. நாகேந்திரம் பென்சிலால் கோடிட்டார்: சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. நாலுக்குச் சற்று முன்னால் கொன்ட்ரோலரைக் கையில் எடுப்பது. ஒரு அடி, கூடினால் இரண்டடி. பிறகு இருட்டு. சரித்திரம் அதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியாது.

அடுத்த நாள் கடையில் அறிவித்தார்: “சனிக்கிழமை சரியா நாலு மணி. நேரம் தவறக்கூடாது.”

அந்த நேரந்தவறாமை எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை கடை நிறைந்திருந்தது. ஒழுங்கையில் நின்றவர்கள் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். நாகேந்திரம் இஸ்திரி போட்ட சேர்ட்டில் வந்து, மெத்தைக் கதிரையில் இருந்து, நாலுக்கு மூன்று நிமிடம் இருக்கையில் கொன்ட்ரோலரைக் கையில் எடுத்தார்.

“தொடங்க முதல் ரெண்டு வார்த்தை,” என்றார்.

நாலு மணியாயிற்று. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது. நாகேந்திரம் பொறுமையின் தத்துவத்தை விளக்கினார். நாலு ஐந்து. நிழலின் இயல்பு பற்றிப் பேசினார். நாலு பத்துக்குக் கோடாலியின் பாரம், அதை ஓங்குகிறவனின் மனநிலை. விசிறி சுற்றிக்கொண்டேயிருந்தது. கரண்ட் ஏன் போகவில்லை என்று கேட்கவும் வழியில்லை. கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். நாலு இருபதுக்கு, வாழ்க்கையும் ஒரு கோடாலிதான் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, இராசரத்தினம் கொட்டாவி விட்டார்.

“பயான் முடிஞ்சா பெட்டியப் போடுவமா?” என்றாள் பலீலா, பள்ளிவாசல் பிரசங்கத்தைக் கேட்டு முடித்தவளைப்போல. அவளே எழும்பிப் போட்டாள்.

தடியன் வந்தான். கோடாலி மேலே போனது. நாகேந்திரத்தின் விரல் துள்ளியது. வீரன் அழகாக உருண்டு முடித்து எழும்பியபோது கோடாலி அவன் உச்சியில் இறங்கியது.

இரண்டாவது தடவையும் அப்படியே. யாரோ கனைத்தார்கள். பலீலா சுவரில் ஆணி இருந்த இடத்தைப் பார்த்தாள்.

இன்னும் ஒரு அடிதான் மிச்சம். திரையைப் பார்க்கும் தைரியம் நாகேந்திரத்திடம் தீர்ந்துபோயிற்று. அவர் விசிறியைப் பார்த்தார். இப்ப நிற்கும். இந்தா இப்ப நிற்கும். பொத்தானை அழுத்தாமல், கரண்ட் போவதற்காகக் காத்திருந்தார். விசிறி நிற்கவில்லை. பதறிக் குனிந்தால் கோடாலியின் நிழல் வீரனுடைய காலில். பயத்தில் விரல் தானாக அழுத்தியது.

மணி அடித்தது.

ஸ்டூல்கள் சரசரத்தன. நாகேந்திரம் மறுபடி விசிறியைப் பார்த்தார். காத்திருந்தார். குனிந்தார். நிழல். மணி.

ஐந்தாவது மணியில் அவர் விசிறியை மறந்தார். கோடாலி உச்சியில் நிற்கிற அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு அவர் சொல்லிவந்த அத்தனையும் அங்கே இருந்தது. தடியனின் முழங்கை முதலில் மடிகிறது, பிறகு நிழல் மண்ணில் நீள்கிறது, கால்விரலில் முட்டுகிறது. அவசரமே இல்லை. ஆறு. ஏழு. எட்டு. செபஸ்தியன் ஸ்டூலை விட்டு எழும்பி, திரையை விட்டுவிட்டு மாஸ்டரின் பெருவிரலைப் பார்த்தான். ஒன்பது.

பத்தாவது மணிக்காகத் தடியன் ஓங்கினான். கோடாலி உச்சியில் நின்றது. முழங்கை மடிந்தது. நிழல் நீண்டது.

கரண்ட் போயிற்று.

விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. பிறகு மூலையிலிருந்து இராசரத்தினம் சிரிக்கத் தொடங்கினார். அது எல்லோருக்கும் தொற்றியது.

“நாலரை,” என்றான் ராசிக், மணிக்கூட்டைப் பார்த்து. “எங்கட கடல் பக்கத்துக்கு நாலரைக்குத்தானே போற. கிருலப்பனைக்குத்தான் நாலு.”

நாகேந்திரத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் கோடிட்டது தன்னுடைய அறைக்குரிய வெட்டு.

“அதுதான் அரை மணித்தியாலம் பிரசங்கம் வச்சவர்,” என்றார் இராசரத்தினம், கண்ணீரைத் துடைத்தபடி. “நாலரைக்குக் கணக்கா ஒன்பதில கொண்டந்து விட்டிருக்கிறார் பாருங்கோ. சுழியனெண்டா இவனெல்லோ சுழியன்.”

“இல்லை அண்ணை, நான் உண்மையா எடுத்திருப்பன். நிழல் வந்திட்டுது,” என்றார் நாகேந்திரம். சிரிப்புக் கூடியது.

செபஸ்தியன் வந்து கை கொடுத்தான். “நான் கோடாலியைத்தான் சுழிப்பன். கரண்டைச் சுழிக்க எனக்குத் தெரியாது, மாஸ்டர். கதிரையில நீங்களே இருங்கோ.” சொல்லிவிட்டு, சோதனைக்கு முன் பஸ் பிடிக்கவேண்டும் என்று போய்விட்டான். மற்றவர்களும் கதையை ஒழுங்கை நீளத்துக்குக் கொண்டுபோனார்கள்.

பலீலா கல்லாவைப் பூட்டினாள். காலண்டர் சுருளைத் திரும்ப மேசைக்குக் கீழே வைத்தாள்.

“வூட்டுக்குப் போங்க மாஸ்டர். அதான் வெண்டுட்டீங்களே.”

“கரண்ட் எத்தனை மணிக்கு வரும்?”

“ஆறரைக்கு. வந்தாலும் முதல்லருந்துதான் தொடங்கணும். ஆளுகளும் இல்ல.”

“பரவாயில்லை. நீ ஒருத்தி பாத்தாக் காணும்.”

“நானா? நான் மஃரிபு தொழுகைக்குப் போகணும்,” என்றாள் அவள்.

நாகேந்திரம் மெத்தையை விட்டு இறங்கி, திரைக்கு நேரே கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் போய் இருந்தார். இருண்ட திரையின் கண்ணாடியில் அவருடைய இஸ்திரிச் சேர்ட் மங்கலாகத் தெரிந்தது. கொன்ட்ரோலர் இன்னும் கையில்தான். பொறுத்தார். முழங்கை மடிய வேண்டிய நேரம் மடிந்தது; நிழல் நீள வேண்டிய நேரம் நீண்டது; சரியான கணத்தில் பெருவிரல் இறங்கியது.

பொத்தான் ‘டக்’ என்றது.