வருடத்துக்குத் தனிப் பலகை

எங்கள் ஊர் கேளிக்கைப் பூங்காவில் நான்கு வருடமாக ஒழுங்காகப் பராமரிக்கப்படுவது ஒரு தடுப்புச் சுவர்தான். அதற்குப் பின்னால்தான் மலை ரயில் என்று நாங்கள் சொல்லும் ரோலர் கோஸ்டர் ஓடியது. அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, "இங்கே ஒரு பேரதிசயம் எழுகிறது" என்று சுவரில் எழுதினார்கள். பக்கத்தில் திறக்கப்போகும் வருடம். வருடம் மட்டும் தனிப் பலகையில், நாலு திருகாணியில் நிற்கும். வருடம் போனால் கழற்றி அடுத்ததை மாட்டலாம். முதல் தடவையே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பட்டம் வாங்கிய மூளைக்கு வரவில்லை.

பலகையை எழுதுவது என் அம்மா, பூங்காவின் பெயிண்டர். எந்த நிறத்தையும் கண்ணால் பார்த்தே கலந்துவிடுவாள், எழுத்துதான் வராது. வீட்டில் நான் செய்தித்தாளில் பெரிதாக எழுதி, கோட்டின் மேல் ஊசியால் துளை போட்டுக் கொடுப்பேன். அதைப் பலகையில் வைத்துச் சுண்ணாம்புப் பொடியைத் தட்டினால் எழுத்து இறங்கும். அம்மா அதன்மேல் தீட்டுவாள்.

ஊழியர் குடும்பத்துக்கு வருடத்தில் ஒரு நாள் இலவசம். மலை ரயில் இருந்தவரை அந்த ஒரு நாள் முழுக்க நான் அதைவிட்டு இறங்கமாட்டேன். இப்போது அதன் ரசிகர் குழுவை நடத்துவதும் நான்தான். ஆயிரத்து நூறு பேர். ஒவ்வொரு வருடமும் பலகையைப் படம் எடுத்துப் போட்டு, "இந்த முறை உறுதி" என்று எழுதியதும் நான்தான். என் கையெழுத்தை நானே நம்பினேன்.

ரசிகர் சந்திப்புக்கு முந்தின நாள் மாலை, அம்மா செய்தித்தாளை என் முன்னால் விரித்தாள்.

"இந்த வாட்டி நம்பர் வேணாமாம். விரைவில்னு எழுதணுமாம்."

"விரைவில்னா எப்போம்மா?"

"என்னக் கேட்டா? மேனேஜரக் கேளு."

"உள்ள என்னதான் கட்டியிருக்காங்க?"

"கொடி கட்டியிருக்கு. நான் பிரஷ் காயப்போட. மத்தபடி புல்லு, முட்டி உயரத்துக்கு."

"நாலு வருஷமா ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ ஊரக் கூட்டுவே. அந்தப் பக்கம் போறது நானும் வாட்ச்மேனும்தான். யாரு சொன்னதுன்னு கண்டுபிடிக்க ஜோசியமா பாக்கணும்? என் வேலை போனா ரெண்டு பேரும் காத்தக் குடிக்கணும். உனக்கு ஒரு வேலை கிடைக்கட்டும், அப்புறம் எத வேணா கத்து. அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு தாயே."

ஆத்திரத்தில் குத்தியதில் 'வி'யின் சுழி கிழிந்துபோனது. மறுபடி எழுதச் சொன்னாள். எழுதினேன்.

மறுநாள் சந்திப்பு பூங்காவின் சாப்பாட்டுக் கூடத்தில். மேனேஜர் பேசினார். பறக்கும் நாற்காலி வரலாமாம். பனிக்குகை வரலாமாம். இரண்டும் சேர்ந்த, இன்னும் பெயர் வைக்காத ஒன்றும் வரலாமாம். "இது அறிவிப்பு இல்லை, எதிர்காலத்தோடு ஒரு உரையாடல்" என்றார். வழவழா கொழகொழா.

என் பக்கத்தில் ஏழாம் பெட்டிக்காரர். சலூன் வைத்திருப்பவர், மலை ரயிலில் ஏழாவது பெட்டியைத் தவிர வேறு எதிலும் ஏறியதில்லை.

"என் கடைல தலைல தண்ணியத் தெளிச்சிட்டு, 'கத்திரி வரலாம், வராமலும் போகலாம்'னு சொன்னா சும்மா விடுவாங்களா? கேளும்மா, நீதான் படிச்ச பொண்ணு" என்று மைக்கை வாங்கிக் கையில் திணித்தார்.

எழுந்தேன். வெளியே டொக், டொக் என்று சத்தம். கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால், தடுப்புச் சுவரில் சாய்த்த ஏணியில் அம்மா நின்றிருந்தாள். கையில் திருப்புளி இல்லை, சுத்தியல். இனிக் கழற்றி மாட்டும் வேலையே இல்லை; ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ சார் வரும்?" என்றேன்.

மேனேஜர் சிரித்தபடி ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். "அதான் எழுதியே போட்டிருக்கோமே."

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பி என் எழுத்தைப் படித்தது.

"வேற ஏதாவது கேக்கணுமாம்மா?"

புல்லும் கொடியும் நாக்கு நுனிவரை வந்து நின்றன. அம்மா பலகையை ஒரு கையால் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"இல்ல சார்."

"என்னம்மா, புலி மாதிரி எழுந்து பூனை மாதிரி உக்காந்துட்டே?" என்றார் ஏழாம் பெட்டிக்காரர். பிறகு கண்ணைச் சுருக்கி வெளியே பார்த்தார். "ஆனா எழுத்தப் பாரேன், என்ன அழகு. இவ்வளவு அக்கறையா எழுதறவன் ஏமாத்த மாட்டாம்மா."

போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"நம்ம குழுவுல போடட்டுமா?"

"போடுங்கண்ணே" என்றேன்.