நாலாவது கேன்

"எதுக்கு நாலு கேன்?" என்று கேட்டாள் தோரா.

"எனக்கு ஒண்ணு, உனக்கு ரெண்டு," என்றான் லைல், மேஜையில் விரித்திருந்த வரைபடத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"நாலாவது?"

"உன் வாய்க்கு. பள்ளத்தாக்கு முழுக்கப் பேசிட்டே வருவ. தொண்டை காஞ்சா என்னைத்தான் திட்டுவ."

"அப்ப உன் காதுக்குப் பஞ்சு எடுத்துக்கோ."

சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஸ்பானர் ஒன்று விழுந்த சத்தம். இருவரும் சிரித்தார்கள்.

தோராவுக்கு அந்தப் பேச்சு இப்போதும் வரிக்கு வரி கேட்கும். வசந்தம் வந்து, அதே மேஜையில் அதே வரைபடத்தை விரிக்கும்போதெல்லாம் கேட்கும்.

யூட்டா மாநிலத்தின் அந்தச் செம்பாறைப் பள்ளத்தாக்கில் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. நடக்கப் போகிறவர்கள் முன்கூட்டியே போய்ப் பாறை நிழலில் தண்ணீர் கேன்களைப் புதைத்து, அவற்றில் தங்கள் பெயரையும் வரும் நாளையும் எழுதிவிட்டு வருவார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டாலும் அடுத்தவர் பெயர் எழுதிய தண்ணீரை யாரும் தொடமாட்டார்கள். அவள் கணவன் லைலும் அப்படித்தான், அந்த வருஷத்துக் கல்யாண நாளுக்கு முந்தின நாள், கேன்களோடு தனியாகக் கிளம்பினான். தலைக்கு மேல் மேகமே இல்லை. மழை எங்கோ தொலைவில், மலைமேல் பெய்தது. வெள்ளம் மட்டும் பாறை இடுக்கு வழியாக வந்தது. அவனுடைய பிக்கப் வண்டி மேட்டில் நின்றது. தொப்பி கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அவள் பாதையைக் குறிப்பாள், காலணிக்கு எண்ணெய் தடவுவாள், கல்யாண நாள் வரும்போது வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிடுவாள். அடி எடுத்து வைக்கும் இடத்தில் மணலுக்குக் கீழே அவன் இருந்தால்?

இந்த வருஷம் எப்படியும் போயே தீருவது என்று, பள்ளத்தாக்கைப் பராமரிக்கும் பூங்கா அலுவலகத்துக்கு போன் செய்து, தன் பெயரைச் சொல்லித் தண்ணீர் வைப்பது பற்றிக் கேட்டாள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி எடுத்தாள்.

"தண்ணி வைக்கணும்னு கேக்கறீங்களா? அதான் வெச்சாச்சே மேடம். நேத்துதான் பாத்தேன். ரெண்டாவது வளைவுல, பாறைக்கு அடியில நாலு கேன்."

"யார் பேர்ல?"

"ரெண்டுல தோரான்னு உங்க பேர். ஒண்ணுல லைல். வர்ற சனிக்கிழமை தேதி. நாலாவதுல 'வாய்க்கு'ன்னு எழுதியிருக்கு. எனக்கே புரியல மேடம்."

தோரா போனை வைத்தாள். சனிக்கிழமைதான் கல்யாண நாள். அன்று போகப் போவதாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நாலாவது கேன் விஷயம் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவன் மணலுக்குள் போய்விட்டான்.

வெயில் இறங்கும் நேரத்தில் வெர்லின் வந்தான். அடுத்த பண்ணைக்காரன், லைலோடு ஒன்றாக வளர்ந்தவன். மனைவி விட்டுப்போய் வெகுகாலமாகத் தனியாக இருப்பவன். கையில் பாட்டிலில் போட்ட பீச் பழம்.

"மூஞ்சி ஏன் வெளுத்துக் கிடக்கு? பேயைப் பாத்தியா?"

அவள் அவன் காலணிகளையே பார்த்தாள். தையல் ஓரமெல்லாம் செம்மணல். இந்தப் பக்கத்து மண் சாம்பல் நிறம். போன வசந்தத்திலும் இதே சிவப்பை அவள் பெருக்கித் தள்ளியிருக்கிறாள், யோசிக்காமல்.

"அந்தக் கேனை யார் வெச்சது வெர்லின்?"

அவன் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான்.

"நான்தான். வருஷா வருஷம். நீ கிளம்பினா அங்க தண்ணி இருக்கணுமில்ல?"

"வாய்க்குன்னு எழுதியிருக்கே. அது உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்குத் தொட்டிக்கு அடியில படுத்து உன் குழாயை மாத்திட்டிருந்தது யாரு? சிரிச்சதுல ஸ்பானர் மூக்கு மேல விழுந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் என்னைக் கவனிச்சாத்தானே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "உன் பேரை எழுதறதுக்கென்ன? செத்தவன் பேரைப் போட்டு என்னைக் கதிகலங்க வெச்சிட்டியே."

"என் பேர் இருந்தா நீ தொடுவியா? நாக்கு தொங்கினாலும் தொடமாட்ட."

உண்மைதான். அவள் தொடமாட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் நீ வரமாட்ட. அடுத்த வாரம் நானே போய்த் தூக்கிட்டு வருவேன்." தொப்பியின் விளிம்பை விரலால் நீவினான். "ஒண்ணு இருக்கு தோரா. சொல்லவேண்டாம்னுதான் இருந்தேன்."

"சொல்லு."

"மூணு கேன் வெச்சபடியே நிறைஞ்சு கிடக்கும். லைலோடது மட்டும் காலியா இருக்கும். மூடி இறுக்கமா இருக்கும். ஓட்டை கிடையாது. எல்லா வருஷமும் அப்படித்தான்."

"எவனாவது குடிச்சிருப்பான்."

"பேரைப் பாத்தும் குடிக்கறவனை நம்ம பக்கத்துல நீ பாத்திருக்கியா?"

அவள் பார்த்ததில்லை. குளிர்சாதனப் பெட்டி முனகுவதை நிறுத்தியது. வரைபடத்தின் ஓரம் காற்றில்லாமலே லேசாகச் சுருண்டது. அங்கே யாருக்கோ இன்னும் தாகம் எடுக்கிறது என்ற நினைப்பு முதுகில் ஈரமாக இறங்கியது. ஆனால் பயத்துக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. அவனைப் போய்ப் பார்க்க வேண்டும்.

"இந்த வருஷம் போறியா?" என்று வெர்லின் ஒவ்வொரு வசந்தத்திலும் கேட்பான். "பாப்போம்" என்பாள். அந்த வார்த்தைக்குப் பின்னால் இன்னொன்றை விழுங்குவாள். அதை வெர்லினிடம் கேட்டுவிட்டால் லைல் திரும்பமாட்டான் என்று ஆகிவிடும் என்பது அவள் பயம்.

வெர்லின் எழுந்து தொப்பியை மாட்டினான். "இந்தத் தடவையாவது போறியா?"

தோரா எழுதுகோலை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள்.

"அஞ்சாவது கேன்ல உன் பேரை எழுது. தனியா இறங்க எனக்குப் பயமா இருக்கு. என்கூட வா வெர்லின்."