எழிலரசிக்குக் கோதுமை ஆகாது

இரண்டு வருடமாக எழிலரசிக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. முப்பது வயதில் முப்பத்தாறு கிலோதான் இருந்தாள். 1991 தொடக்கத்தில் மெட்ராசில் ஒரு டாக்டர் அவள் குடலிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்த பிறகுதான் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது: சீலியாக்.

"உங்க குடலுக்குக் கோதுமை ஆகாதும்மா. ரவை, மைதா, சேமியா, பன், பிஸ்கட் எதுவும் கூடாது. துளிகூட. ஆயுசுக்கும்."

"அப்போ இன்னா சார் சாப்பிடறது?" என்றான் கணவன் கண்ணப்பன்.

"சோறு. இட்லி. வேற என்ன வேணும்?"

ஸ்ரீபெரும்புதூரில் வீட்டுக்கு வந்து சொன்னதும், கண்ணப்பனின் அம்மா முனியம்மாள் நம்பவில்லை. "ஊர்ல கீற டாக்டருங்கல்லாம் சோத்தைக் கொறைச்சுட்டு சப்பாத்தி துன்னுன்றாங்க. இவரு சோறு துன்னச் சொல்றாரே, அரிசி மண்டி எதனா வெச்சினுகீறாரா?"

கண்ணப்பனுக்குத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமையே சமையலறையில் இன்ஸ்பெக்ஷன் நடத்தினான். ரவையும் சேமியாவும் பக்கத்து வீட்டு எல்லப்பன் வீட்டுக்குப் போயின. முனியம்மாளின் உயிரான பன்னுக்கு மட்டும் ஒரு சலுகை: தெருவில் நின்று தின்னலாம், கை வாய் கழுவிவிட்டு உள்ளே வரவேண்டும்.

"நான் இன்னா பீடியா புடிக்கிறேன், வெளிய போய் நிக்கறதுக்கு?" என்றாள் முனியம்மாள்.

ஒரு மாதம் ஆகியும் எழிலரசிக்கு வலி நிற்கவில்லை. சுருண்டு படுக்கும்போதெல்லாம் மாமியார் மோரில் பெருங்காயம் கரைத்து, பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைத்தாள்.

ஒருநாள் அரிசிப் பானைக்குப் பின்னால் பாதி பன் அகப்பட்டது.

"அம்மா! உன்னாலதான் இவளுக்கு இப்பிடி ஆவுது!"

"பாதி பன்னுக்காகப் பெத்தவள கொலகாரின்றியா?" முனியம்மாள் பையில் நாலு புடவையைத் திணித்துக்கொண்டு, பூந்தமல்லியில் இருந்த மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அவள் அங்கே இருந்த எட்டு நாளும் எழிலரசிக்கு வலியே இல்லை. கண்ணப்பன் மார்தட்டினான். "பாத்தியா? பன்னுதான்!" ஆனால் எழிலரசிக்கு வீடு வெறிச்சென்று இருந்தது. "அத்தையைக் கூட்டினு வாங்க. நீங்க போய் மன்னிப்பு கேளுங்க" என்றாள். அவன் போய்க் கேட்டான்.

முனியம்மாள் திரும்பி வந்தாள். இனி பன்னையே தொடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு, மருமகளுக்காக மணக்க மணக்கச் சாம்பார் வைத்தாள். அன்று மாலை எழிலரசி மூன்று முறை கொல்லைக்கு ஓடினாள்.

கண்ணப்பன் அம்மாவின் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். பன் இல்லை. ஒரு மஞ்சள் டப்பாதான் உருண்டு வந்தது. முனியம்மாள் எங்கே போனாலும் தன் பெருங்காயத்தோடுதான் போவாள்; பூந்தமல்லிக்கும் அது கூடவே போய் வந்திருந்தது. அடுத்தவர் வீட்டுப் பெருங்காயத்தில் வாசனை போதாது என்பாள்.

எழிலரசியின் மகள், மூன்றாவது படிக்கும் ரஞ்சனி, டப்பாவை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "கூட்டுப் பெருங்காயம். இதில் அடங்கியவை: கோதுமை மாவு..."

முனியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ எழிலு! வலிக்குதுன்னு நானே ரெண்டு சிட்டிகை சேத்துப் போட்டுக் குடுத்தனே!"

எழிலரசிக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். "மருந்துன்னு நெனச்சுதானே குடுத்தீங்க அத்தை, விடுங்க."

அந்த ஒரு வார்த்தையில் முனியம்மாளுக்குத் தெம்பு திரும்பியது. எழுந்து மகன் பக்கம் திரும்பினாள். "உன் இன்ஸ்பெக்ஷன்ல இது மாட்டலியா? கம்பெனில எவன்டா உனக்கு வேலை குடுத்தான்?"

அதன் பிறகு அந்த வீட்டு ரசத்தில் பூண்டும் சீரகமும்தான். நாலு மாதத்தில் எழிலரசி ஏழு கிலோ ஏறினாள். தீபாவளிக்குப் பழைய ஜாக்கெட் ஒன்றில்கூட அவளுக்குக் கை நுழையவில்லை. முனியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தையல் பிரித்தாள். போகிற வருகிறவர்களிடமெல்லாம், "இன்னா பண்றது, மருமவ குண்டாயினே போறா" என்று அலுத்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.